நாற்பதைத் தாண்டாத முள்

அம்மா வேகத்துக்குப் பயந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலையும் தாண்டி உள்ளே போனால் வருகிற ஒரு பள்ளியில் அவள் டீச்சர். ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காராத பிள்ளையை யாரிடமும் விட்டுப்போக முடியாது என்று என்னையும் அங்கேயே சேர்த்திருந்தாள். தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து இருவரும் வேனில் போய்வருவோம். ஒரு மழைநாளில் அந்த வேன் கொண்டை ஊசி வளைவில் வழுக்கிப் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. அன்று எனக்குக் காய்ச்சல். நான் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு இடது கை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள்.

நான்கு மாதத்தில் கை சரியாகிவிட்டது. பயம் போகவில்லை. கடைத்தெருவுக்குப் போகும் ஆட்டோவிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவாள். விடுப்பு முடிந்தது. மலையை விட்டு எப்போது கீழே இறங்கலாம் என்று மற்ற டீச்சர்கள் காத்துக் கிடக்க, அம்மா மட்டும் அந்தப் பள்ளியை விட்டு மாறுவதாகவே இல்லை. ஒன்றாம் வகுப்பு அவளுடையது. அவள் கிளம்பிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு டீச்சர் வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அப்பாவால் கரும்புக் காட்டை விட்டு நகர முடியாது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். தானே தினமும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கீழ்ரோட்டில் ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதைத் தாண்டக் கூடாது. மலையில் இருபது.

அவள் முன்சீட்டில் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கவே மாட்டாள். கண் முழுக்க முள்ளின் மேல்தான். அது நாற்பதைத் தொட்டதும் "டேய்" என்பாள். மாமா காலை எடுப்பார். பின்சீட்டில் எனக்குப் பொறுமையில்லாமல் உடம்பெல்லாம் ஊரும். சைக்கிள்காரர்கூட நம்மை முந்துகிறார் என்று தோன்றும். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பிரேயர் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பூட்டிய கதவின் முன்னால் நிற்பார்கள். ஒருநாள் தலைமை ஆசிரியர் கோபமில்லாமல்தான் சொன்னார்: "முடியலன்னா மாத்தலுக்கு எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். புள்ளைங்க பாவம்."

அந்த வாரக் கடைசியில் மாமா உளுந்தூர்பேட்டைக்குப் போய், ஜீப்புக்கு நான்கு பெரிய டயர்களை மாட்டிக்கொண்டு வந்தார். வண்டி முன்பைவிட உயரமாக நின்றது. அம்மா அதில் ஏற என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இன்னாடா இது, யானை மாதிரி?"

"மலையில சேறுக்கா. இதான் வழுக்காம நிக்கும்."

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். செவ்வாயும் அப்படியே. முள் நாற்பதில்தான் நின்றது. டயர் நன்றாகப் பிடிக்கிறது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். மெல்ல மெல்லக் கம்பியை விட்டாள். மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்தத் தொடங்கினாள். கோமுகி அணையைத் தாண்டும்போது ஒருநாள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. என் கையில் ஒரு டிஜிட்டல் வாட்ச் இருந்தது. பொழுது போகாமல் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் பார்ப்பேன். நாற்பதில் போனால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தொண்ணூறு விநாடி ஆக வேண்டும். எழுபத்தெட்டுதான் ஆனது. மறுநாளும் எழுபத்தெட்டு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று முறை வகுத்துப் பார்த்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பரபரப்பில் அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் கச்சிராயபாளையம் நெருங்கும்போது பின்சீட்டில் எழுந்து நின்று கத்தினேன்: "முள்ளு பொய் சொல்லுதும்மா! நாம நாப்பத்தாறுல போய்க்கினு இருக்கோம்!"

கண்ணாடியில் மாமாவின் கண்கள் என்னைப் பார்த்தன. "ஒக்காரு பாப்பா" என்றார்.

அம்மா நோட்டை மூடினாள். "வண்டிய நிறுத்து."

இறங்கினாள். ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினாள். மாமா பின்னாலேயே ஜீப்பை உருட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கம் கரும்பு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தன. அம்மா திரும்பவே இல்லை. அரைக் கிலோமீட்டர் போனதும் ஒரு வாய்க்கால் பாலத்தின் மேல் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா அருகில் போய் நின்றார்.

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"சேத்துக்குத்தான்க்கா போட்டேன். சக்கரம் பெருசு, ஒரு சுத்துக்கு ஜாஸ்தி தூரம் போவுது. முள்ளுக்கு அது தெரியாது, பழைய கணக்குல கம்மியா காட்டுது. மொத நாளே எனக்குப் புரிஞ்சிபோச்சி." கொஞ்சம் நிறுத்தினார். "நீ நல்லா இருந்தியா... சொல்ல மனசு வர்ல."

"ரெண்டு மாசமா என்ன கொழந்த மாதிரி ஏமாத்திக்கினு வந்திருக்க."

கண்டுபிடித்ததற்கு யாரும் என்னைப் பாராட்டவில்லை என்ற ஏமாற்றம் மட்டும் எனக்கு இருந்தது.

அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. போனில் விடுப்புச் சொல்லிவிட்டு, "இத சரி பண்ற எடத்துக்கு வுடு" என்றாள். நேராக உளுந்தூர்பேட்டை போனோம். பட்டறையில் மெக்கானிக் ஜீப்புக்கு அடியில் படுத்து, முள்ளுக்குப் போகிற கேபிளின் முனையிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு பல்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார்.

"இதுல பதினஞ்சி பல்லுங்க டீச்சர். பெரிய டயருக்குப் பதிமூணு பல்லு போட்டா சரியா காட்டும். பழைய டயரையே மாட்டிக்கினாலும் சரி. எது வேணும்?"

மாமா அம்மாவைப் பார்த்தார். "டயர் இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பதிமூன்று பல் சக்கரம் கிடைக்க மத்தியானம் வரை காத்திருந்தோம். நான் பட்டறைக்கும் ரோட்டுக்கும் நூறு தடவை நடந்தேன். மாட்டி முடித்ததும் மெக்கானிக் என்னையும் என் வாட்சையும் ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டில் ஓட்டினார். நாற்பதில் தொண்ணூறு விநாடி. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பினோம். முள் நாற்பதில் நின்றது. உண்மையான நாற்பது. எனக்கு மறுபடி உடம்பெல்லாம் ஊர்ந்தது. அம்மா முள்ளைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். நோட்டுகள் பையிலேயே இருந்தன. கச்சிராயபாளையம் கடைவீதி பின்னால் போனதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். மாமாவைப் பார்க்காமலே சொன்னாள்: "கொஞ்சம் மிதிடா."

மாமா நம்பாமல் திரும்பினார்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. மிதின்னு சொன்னேன்."

முள் நாற்பதைத் தாண்டியது. நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு. அம்மாவின் விரல்கள் வெளுத்திருந்தன. நாற்பத்தாறு வந்ததும், "இதுல வச்சிக்கினு போ" என்றாள். அப்புறம், அந்த வழியில் முதல் தடவையாக, முள்ளை விட்டுவிட்டு முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தாள்.

நான் முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினேன். "இதே வேகத்துலதானம்மா முன்னாடியும் போனோம்?"

"ஆமா" என்றாள்.

அவ்வளவுதான். பிரேயர் மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அவள் வகுப்புக் கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே விட்டாள். நான் வரிசையில் நின்று கால் மாற்றிக் கால் மாற்றி யோசித்தேன். அதே ஜீப், அதே டயர், அதே நாற்பத்தாறு. இதற்காக எதற்கு அழுகையும் சண்டையும், ஒரு நாள் முழுக்க உளுந்தூர்பேட்டை வெயிலும் என்று எனக்கு விளங்கவே இல்லை.