அப்பாவுக்கு உருட்டிய ரொட்டி

அப்பா இல்லாத இந்த வீட்டில், பிள்ளைகள் கேட்டால் எப்போதாவது அந்த உருட்டுக்கட்டையை எடுக்கிறேன். கையில் பட்டதுமே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்து ரொட்டிக்கு அப்படியொரு கட்டை தேவைப்பட்டதே இல்லை. மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து, வாழையிலைத் துண்டில் வைத்துக் கையால் தட்டிச் சுட்டால் முடிந்தது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் முற்றியபோது, இரவில் சோற்றுக்குப் பதிலாக ஆட்டா மாவில் மெல்லிய ரொட்டி கொடுங்கள், சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடக்க விடுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அன்றைக்கே மட்டக்களப்பில் கட்டையும் பலகையும் வாங்கிக்கொண்டு கரடியனாறு பஸ்ஸில் ஏறினேன்.

அம்மா முன்பே போய்விட்டார். எனக்குச் சீதனமாக வந்த வீட்டில் அப்பா என்னோடுதான் இருந்தார். கந்தோர் வேலை முடிந்து பொழுதுபட வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் மாவைப் பிசைவேன். அது ஒருநாளும் வட்டமாக வராது. ஒரு பக்கம் தடித்து நிற்கும், மறுபக்கம் கிழிந்து பலகையில் ஒட்டும். தோள்மூட்டு விண் விண்ணென்று வலிக்கும். பக்கத்து அறையில் அப்பாவின் வயல் வட்டையில் விளைந்த நெல் மூடை மூடையாக அடுக்கியிருக்கும். நான் கடையில் வாங்கிய மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அப்பா ஒரு குறையும் சொன்னதில்லை. கொடுத்ததை முழுக்கத் தின்றுவிட்டுக் கையைக் கழுவி, "கொஞ்சம் நடந்துத்து வாறன் மகள்" என்று சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். டாக்டர் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கும் மனுசன் உண்டா என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் சீனி இறங்கவில்லை. கிளினிக்கில் நேர்ஸ் அப்பாவை விட்டுவிட்டு என்னைத்தான் ஏசினார். வீட்டில் கவனிக்க ஆளில்லையா என்று கேட்டார். நான் ரொட்டியை இன்னும் மெல்லிசாக உருட்டினேன். தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினேன். வயலில் ஏதோ குத்திய புண் அப்பாவின் காலில் ஆறாமல் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைக் கழுவிக் கட்டும்போது, நான் எங்கே பிழை விடுகிறேன் என்றே எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு செத்தவீட்டில், நாலு பெண்கள் இருக்கும்போது, அப்பாவின் தங்கச்சி, என் மாமி, என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன புள்ள, அண்ணனுக்கு ராவையில சோறு குடுக்கிறல்லையாம்? பாவம், ஒவ்வொரு நாளும் எங்கட ஊட்டதான் வந்து திண்டுத்துப் போறார்." எனக்கு முகம் எரிந்தது. என் வீட்டுக்கு நாலு வளவு தள்ளித்தான் மாமியின் வீடு. அப்பாவின் நடை அங்கேதான் போயிருக்கிறது. பெற்ற தகப்பனுக்குச் சோறு போடாதவள் என்று ஊருக்குள் எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். அப்பா என்னை விளங்காமல் பார்த்தார். அவர் களவு செய்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"ரொட்டி திண்டா அது சாப்பிட்டதாகுமா மகள்? நீ தந்தத்த மிச்சம் வெக்காமத் திண்டுத்துத்தானே போறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு என் ரொட்டி பிடிக்கவே இல்லை. என் மனம் நோகக்கூடாது என்று அதைத் தின்றார், பசிக்கு அங்கே போய்ச் சோறு தின்றார். நான் தோள் நோக உருட்டியதெல்லாம் சோற்றுக்கு மேலே சுமையாகத்தான் போயிருக்கிறது. மாமியிடம் போய் மன்றாடினேன். "என்ட கூடப்பிறந்தவன் பசியெண்டு வந்து நிண்டா நான் கதவச் சாத்திறதா?" என்று கேட்டார். அப்பாவை ஏசினேன், அழுதேன், படலையைப் பூட்டியும் பார்த்தேன். அவர் வேலியால் புகுந்து போனார்.

புண் அழுகி, முதலில் ஒரு கால்விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் மாமியும் பயந்து, சோறு கொடுப்பதை விட்டார். அப்பாவுக்கு என் ரொட்டியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போனது. நான் உருட்டினேன், அவர் தின்றார். சீனியும் மளமளவென்று இறங்கியது.

அடுத்த கிளினிக்கில் நேர்ஸ் இரத்தச் சோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். இப்போதுதான் ஒழுங்காகக் கவனிக்கிறீர்கள் என்றார். அவ்வளவு நாளும் நான் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது. சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவின், காலில்லாத பக்கம் மடித்துக் கட்டிய சாறத்தைப் பார்த்தேன். அப்பாதான் எனக்காகப் பதில் சொன்னார்.

"ஓம் மிஸ், மகள் நல்லாத்தான் பாக்கிறா. சோறுதான் தாறல்ல."

வரிசையில் இருந்த சனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது.