கிருசாந்தியின் கறுப்பு

ஒட்டுசுட்டான் சந்தியில் பஸ் பார்த்து நிற்கிற எவரைக் கேட்டாலும் கஜனியின் படக்கடையைக் காட்டுவார்கள். கடை கண்ணில் படாவிட்டாலும் கஜனி படுவாள். ஒரு இடத்தில் இருக்க அவளுக்கு வராது. படத்தை அச்சில் விட்டுவிட்டு வாசலுக்கு வருவாள், வெயிலைப் பார்ப்பாள், உள்ளே போவாள், போட்ட தேத்தண்ணியை ஆறவிட்டு இன்னொன்று போடுவாள். அவள் குடித்த கோப்பைகளைக் கடை முழுக்கத் தேடிப் பொறுக்கவேண்டும் என்று புருசன் ஜெயந்தன் சொல்லித் திரிவான். அது பொய்யுமில்லை. ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல ஒருவரும் இல்லை, சொன்னாலும் அது எரிச்சலில் சொன்னதுதான். வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவில் நின்று பழகி வந்து சொந்தமாகக் கடை போட்டவள். பெட்டைகள் வயதுக்கு வந்தால் கொண்டாடுகிற சாமத்தியவீடு, கலியாணம் என்று அந்தப் பக்கத்தில் நடக்கிறதெல்லாம் அவளுடைய கையால்தான் ஆல்பமாகும்.

அப்படிப்பட்டவளுடைய நித்திரையைத்தான் உடையார்கட்டுக் கமலேஸ்வரி வந்து கெடுத்தாள்.

கமலேஸ்வரியின் மகள் கிருசாந்தி, இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது காய்ச்சலில் போனவள். பிள்ளையின் படமென்று மிஞ்சியது, பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்கு எடுத்த ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம். தீப்பெட்டி அளவு. தேவாரப் புத்தகத்துக்குள் வைத்துக் காத்து வந்தாள். கிருசாந்தி நல்ல கறுப்பி. பெரிதாக்கித் தரச்சொல்லித் தாய் ஏற்கனவே வேறு கடைகள் ஏறி இறங்கியிருந்தாள். போன இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டையைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை திவசம். இந்த முறையாவது படைக்கிற இடத்தில் தன் பிள்ளையின் முகம் இருக்கவேண்டும், ஊரான் பிள்ளையினுடையது வேண்டாம் என்று நின்றாள்.

"வடிவாக்க வேண்டாம் பிள்ளை. அவளை அவளாத் தந்தாக் காணும்."

கஜனி ஓம் என்றுவிட்டாள். சொன்ன பிறகுதான் பதற்றம் பிடித்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்றே செய்த தடித்த தாள் கொழும்பில் இருந்து எடுப்பித்தாள். அவளுடைய அச்சு மெசினோ கலர்ப் படத்துக்குப் பழகியது. மைகளைக் கலந்துதான் அது சாம்பல் நிறம் செய்யும். கலவை கொஞ்சம் பிசகினாலும் சாம்பலில் சிவப்போ பச்சையோ எட்டிப்பார்க்கும். அதைத் தாளுக்கு ஏற்றபடி திருத்தவேண்டும். அதற்கு வெள்ளையில் தொடங்கிப் படிப்படியாகக் கறுத்துக்கொண்டு போகிற ஒரு பட்டையை அடித்துப் பார்ப்பார்கள்.

கஜனி பட்டை அடித்தாள். பீற்றூட் தண்ணி ஊற்றிய மாதிரி வந்தது. திருத்தினாள். அடுத்தது பாசி பிடித்த மாதிரி. கடைக்குள் எரிகிற வெளிச்சத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் வெளியே வேம்பு நிழலுக்குக் கொண்டு ஓடினாள். மை காய்ந்தால்தான் உண்மை நிறம் தெரியும், ஆனால் காயும்வரை பொறுக்க அவளால் எங்கே முடிந்தது? புட்டுப்பானையைத் திறந்து திறந்து பார்த்தால் புட்டு அவியுமா என்று ஜெயந்தன் பகிடி பண்ணினான். அவள் சிரிக்கவில்லை. தாள்கள் குறைந்துகொண்டு வந்தன. சாமத்தியவீட்டு ஆல்பம் ஒன்று தொடப்படாமல் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் தொலைபேசியில் ஏச, இவள் காதில் வாங்காமல் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழன் காலை பட்டை சரிவந்தது. சிவப்பில்லை, பச்சையில்லை, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் துலக்கமான வித்தியாசம். கமலேஸ்வரியும் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். கஜனி அவளைக் கதிரையில் இருத்திவிட்டுக் கிருசாந்தியின் படத்தை அடித்தாள்.

தாய் அதை வாங்கி அதிக நேரம் பார்க்கவில்லை.

"இதுவும் ஆற்றையோ பிள்ளை, என்ரை கிருசாந்தி இல்லை," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தேவாரப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு, சின்னப் படத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கையை நீட்டினாள்.

"ஒரு தாள் மிச்சம் கிடக்கம்மா. கொஞ்சம் இருங்கோ."

"இருந்தென்ன, பிள்ளை?"

கஜனி சின்னப் படத்தைக் கொடுக்காமல், இரண்டு படங்களையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வேம்பின் கீழே போய்ப் புதுப்படத்தையும் பழையதையும் அருகருகே பிடித்தாள். சட்டையின் வெள்ளை ஒன்றாகத்தான் இருந்தது. பின்னால் இருந்த சுவர் ஒன்று. தலைமயிர் ஒன்று. முகம் மட்டும் வெளுத்திருந்தது. மையின் பிழை என்றால் சட்டையும் சுவருமல்லவா மாறியிருக்கவேண்டும்? முகத்தை மட்டும் தேடிப் பிடித்து வெளுக்கிறது யார்?

வேறு யார், அவளேதான். கடை திறந்த நாளில், சாமத்தியவீட்டுப் பெட்டைகளுக்காகக் கணினியில் அவள் போட்டுவைத்த ஏற்பாடு அது. படத்தில் முகம் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துத் தானாக வெள்ளையாக்கிவிடும்.  பிள்ளை வெள்ளையாக வந்துவிட்டதென்று குறைசொன்ன தாய் அந்தப் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. அதனால் அப்படியொன்று இருப்பதையே அவள் மறந்துபோனாள்.

"பட்டைக்கு முகமில்லையம்மா," என்று சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினாள். "அதுதான் பட்டை சரியா வந்தது."

கமலேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஏதோ வெயில் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தாளாம்.

கஜனி அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டுக் கடைசித் தாளை வைத்தாள். வைத்தவளுக்கு நின்று பார்க்கத் துணிவில்லை, தெருவுக்குப் போய்விட்டாள். மெசினுக்குப் பக்கத்தில் நின்றது தாய்தான். தாள் மெதுமெதுவாக வந்தது. வகிடு வந்தது, நெற்றி வந்தது, பிறகு கண்.

"வந்திட்டாள்," என்று கமலேஸ்வரி சொன்னது வாசலுக்குக் கேட்டது.

கஜனி ஓடிவந்து படத்தை நிழலுக்குக் கொண்டுபோனாள். தாய் பின்னாலேயே போய், கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இன்னும் ஒரு சொட்டுக் கறுப்புத்தான் அவள்," என்றாள்.

கஜனியின் முகம் செத்துப்போனது. இன்னொரு கட்டுத் தாள் எடுப்பிக்கிறேன், திவசம் முடிந்தாலும் பரவாயில்லை, திரும்ப அடித்துத் தருகிறேன் என்று அடுக்கிக்கொண்டு போனாள். கமலேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு பிள்ளை. கறுப்பியெண்டு கூப்பிட்டாலே சாப்பிடாமல் கிடப்பாள். இதுக்கு மேல கறுத்தா என்னோட சண்டைக்கு வருவாள்."

சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

மை வடிவாகக் காயவில்லை, முகத்தில் கைபடக்கூடாது, சுருட்டவும் கூடாது என்று கஜனி பஸ்வரைக்கும் சொல்லிச் சொல்லிப் போனாள். பஸ்ஸில் சனம் நெருக்கம். கம்பியைப் பிடிக்கச்சொல்லி நடத்துனர் சத்தம் வைத்தான். கமலேஸ்வரி பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தாளின் ஓரங்களைப் பிடித்தபடி, ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டு, முன்சீற்றில் இருந்த பெடியனிடம் சொன்னாள்:

"எழும்பு தம்பி. இவளுக்கு இருக்க இடம் வேணும்."