எட்டு எழுத்துக்கு மேல்

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாலுகா அலுவலகங்களில் முப்பது வருடம் நிலப் பதிவேடு பார்த்தவன் நான். காதில் விழும் சொல்லையெல்லாம் பட்டாவோடு சேர்த்துக் கேட்கும் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை.

மகன் சிங்கப்பூரில். வீட்டில் நானும் மருமகளும்தான். கணினி படித்தவள். ஒரு பிற்பகல் தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பேரை நீளமா எழுதினா போதும்டி. எல்லையத் தாண்டிப் பக்கத்து இடத்துல போய் விழும். அப்புறம் எல்லாம் நம்ம கையில. நகல்ல பாத்துட்டேன், மூலத்துலயும் செல்லும்.”

வாய்க்காலை ஒட்டி என் பெயரில் இருக்கும் மூன்று மா நிலம்தான் உடனே நினைவுக்கு வந்தது. மறுநாள் இ-சேவை மையத்தில் சிட்டா எடுத்துப் பார்த்தேன். என் பெயர் அப்படியே இருந்தது. இன்னும் மாற்றவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பத்திரம் இருந்த பீரோவின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். ஒரு வாரம் கழித்து மகனிடம், உன் மனைவி போலிப் பத்திரம் தயாரிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

அவன் அவளிடமே கேட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் மருமகள் மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள். பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் போலவே இயங்கும் மென்பொருள் நகல் அதற்குள் ஓடியது; மூலம் என்று அவள் சொன்னது நிஜப் பெட்டியை. கம்பெனி அனுமதித்த ஆட்டம் மட்டும்தான் அந்தப் பெட்டியில் ஓடுமாம். அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்திருந்தாள்.

“ஹீரோ பேருக்கு எட்டு எழுத்துதான் இடம், மாமா. ஆட்டத்தைச் சேமிச்சு வைக்கிற சேவ் ஃபைல்ல அதை நீட்டிட்டேன். மிச்சம் மெமரியில பக்கத்து இடத்துல விழுது. அது வழியா நான் எழுதின புரோகிராம் ஓடும்.”

திரை ஒரு கணம் உறைந்தது. பிறகு அவளே எழுதிய, கட்டங்களில் நாற்று நடும் சின்ன ஆட்டம் வந்தது.

“மூணு மாவும் பத்திரமா இருக்கா மாமா?”

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். வேலையில் இருந்தபோது, கேட்க ஆளில்லாத ஒரு பெண்ணின் மனைக்கட்டைப் பக்கத்துக்காரர் பெயரில் சேர்த்து எழுதியது என் கைதான். ஒரு பெயர் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மருமகளை அவ்வளவு சீக்கிரம் சந்தேகிக்க முடிந்தது அதனால்தான்.

அன்று மாலை மன்னிப்புக் கேட்டு, பீரோ சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. காணோம்னா என்னைத்தான் கேப்பீங்க.”