செட்டு மாத்திரை

எல்லம்மாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாத்தனார் வேண்டாவைக் கடப்பாக்கத்துக்கு அனுப்பி மீன் வாங்கிவரச் சொல்லி, அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அணுபுரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். மூன்று வருடமாக முட்டிவலி. மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமலே நாலைந்தைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தரும் செட்டு மாத்திரையை வேண்டாதான் வாங்கிவருவாள். போட்டால் மாடிப்படி ஏறுவதே தெரியாது. முகம்கூட உப்பிப் பளபளத்தது.

"அண்ணி நல்லா தேறிக்கினு வருது" என்று வேண்டாவுக்குப் பெருமை.

போன மாத மழையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன இடத்தில் ஏதோ பூச்சி கடித்துக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் உடம்புக்குச் சூடு என்று செட்டு மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஐந்தாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பூச்சிக்கடிக் காய்ச்சலுக்கு மருந்து ஏற்றினார்கள். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறியது. ரத்த அழுத்தம் மட்டும் ஏறவில்லை. அந்த உப்பிய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஜெனிஃபர் வெளியே வந்தாள்.

"வேற எதுனா மாத்திரை சாப்ட்டுகினு இருந்தாங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றான் கணவன் ராமதாஸ். அவனுக்குத் தெரியாது.

புருஷனை விட்டு வந்து அண்ணன் வீட்டில் இருப்பவள் வேண்டா. அண்ணனோ கோபக்காரன். ஆனாலும் சுருக்குப்பையிலிருந்து காகித மடிப்பை எடுத்து நீட்டினாள்.

"நான்தான் வாங்கியாந்து குடுப்பேன். காய்ச்சல்னு அண்ணி வுட்டுட்ச்சி."

"உன்ன வூட்ல வெச்சுகினதுக்கு இதானாடி?" என்று பாய்ந்தான் ராமதாஸ். ஜெனிஃபர் மடிப்போடு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் பிறகு விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல ஒரு சுரப்பி உண்டு. பெரிய காய்ச்சல் வந்தால் அது அதிகமாகச் சுரந்து ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். செட்டில் இருந்த, முகத்தை உப்பவைத்த ஸ்டீராய்டு மூன்று வருடமாக அதன் வேலையைப் பார்த்ததில், சுரப்பி தூங்கிப்போயிருந்தது. மாத்திரையும் நின்றதும் தாங்க ஆளில்லை. அந்த மருந்தையே ஊசியாகப் போட்டார்கள். சாயங்காலம் அழுத்தம் ஏறியது. மறுநாள் எல்லம்மாள் காபி கேட்டாள்.

இப்போது சீட்டெழுதித் தந்த மாத்திரைதான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. ஜெனிஃபருக்கென்று கருவாடு கட்டி வைத்திருக்கிறாள்.

வேண்டா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"உங்கண்ணனுக்குப் பயந்துகினு நீ வாயத் தொறக்கலன்னா, நான் இந்நேரம் மாலையோட படத்துல தொங்கிகினு இருப்பேன். உனுக்கு இன்னா வேணும், சொல்லுடி."

வேண்டா குடத்தை இறக்கினாள். ஆய்ந்த மீன் சட்டியை எடுத்துக்கொண்டு, கழுவ வெளியே போய்விட்டாள்.