எட்டாம் எண் இல்லாத கணினிகள்

இந்தக் கோழித்தீவன ஆலையில் எனக்கு இது பன்னிரண்டாவது ஆண்டு. அதற்கு முன்பு அரசாங்கக் கணக்கெடுப்பு வேலையில் முப்பத்தொரு ஆண்டுகள். மாடு, ஆடு, கோழி, கிணறு, மோட்டார் என்று எண்ணச் சொன்னதையெல்லாம் எண்ணி எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆலை அலுவலகப் படி வரைக்கும் அறுநூற்றுப் பதினாறு எட்டு வைக்கிறேன். மழை பெய்தால் சேற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அறுநூற்று முப்பது ஆகும்.

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேலைக்கு வந்தாள். சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். நாற்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கணினிக் கடையில் ஒன்பது ஆண்டுகள் பழுது பார்த்தவள். அவள் வந்ததிலிருந்து, முதலாளி ஒரு நாளைக்கு என்னை எத்தனை தடவை ‘சார்’ என்று கூப்பிடுகிறார் என்பதையும் எண்ண ஆரம்பித்தேன். முன்பெல்லாம் இருபதுக்குக் குறையாது. இப்போது ஆறு, மிஞ்சினால் ஏழு. அதிலும் இரண்டு, “சார், அம்மிணி எங்கீங்க?” என்பதாக இருக்கும்.

முதலாளி எல்லோரையும் சாமி என்பார். லாரி ஓட்டுநரும் சாமி, தவிட்டு வியாபாரியும் சாமி. அம்மிணி என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டது அவர் மகளை மட்டும்தான். மகள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். அந்தச் சொல் இரண்டு ஆண்டுகள் சும்மா இருந்து, பிறகு இவளுக்குப் போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் சார்தான்.

என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஆலைக்குப் புதிதாக ஒன்பது கணினிகள் வாங்கியபோது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்புச் சாவி உண்டு என்று பொருத்த வந்தவர் சொன்னார். கணினி கோளாறாகிப் பூட்டிக்கொண்டால் அந்த எண்ணைக் கொடுத்தால்தான் திறக்கும். ஆறு ஆறாக எட்டுக் கட்டு, மொத்தம் நாற்பத்தெட்டு இலக்கம். பெட்டியைப் பிரிக்கப் பிரிக்கத் திரையைப் பார்த்து, ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எழுதிக்கொண்டேன். நானூற்று முப்பத்திரண்டு இலக்கங்கள், ஓர் அடித்தல் கிடையாது. அவள் வந்த புதிதில் இரண்டு தடவை அந்த நோட்டைக் கேட்டாள். “என்னிடம் பத்திரமாக இருக்கிறது, தேவைப்படும்போது தருகிறேன்” என்றேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

சென்ற கோடையில் ஒரு நாள் காலை ஏழு நாற்பதுக்கு நான் போனபோது அலுவலகம் முழுக்க நீலமாக இருந்தது. ஒவ்வொரு திரையும் ஏதோ மன்னிப்பு கேட்டுவிட்டு அணைந்தது. தானே எழுந்தது, மறுபடி நீலமாயிற்று. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

“ஏனுங்க சார், ஒம்பதும் ஒண்ணாப் படுத்துக்கிச்சுங்களே. கோழிக்குத்தான் நோய் இப்படிப் பரவும்.”

அன்றைய முதல் சார். நான் ஒரு கணினியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் நீலம். இரண்டாவதை அணைத்துப் போட்டேன்.

“அம்மிணி வந்துரட்டுங்க” என்றார்.

அவள் எட்டு ஐந்துக்கு வந்தாள். பையைக்கூட வைக்காமல் கைபேசியில் தேடிப் பார்த்தாள். “நம்ம பாதுகாப்பு மென்பொருள்தாங்க. ராத்திரி அவங்க அனுப்பின அப்டேட்ல ஒரு ஃபைல் தப்பு. அதை அழிச்சுட்டா எழுந்துரும். ஆனா உள்ள போறதுக்கு மீட்புச் சாவி வேணும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஐயா, நோட்டு?”

வைரஸ் வராமல் காக்க வாங்கிய மென்பொருளே ஒன்பதையும் சாய்த்திருந்தது. அந்த மென்பொருளைச் சிபாரிசு செய்தது அவள். சொன்னால் சிறுமை, எனக்கு அது இனித்தது.

முதலில் அவள் ஓடியது ஆலைக்குள் இருந்த கலவைக் கணினிக்கு. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல் தூள், மருந்து எல்லாவற்றையும் கோழியின் வயதுக்குத் தக்கபடி எடை போட்டுக் கலக்குவது அதுதான். முந்தின நாள் மாதாந்திர மின்தடை, அதனால் ஆலை ஓடவில்லை. ஆலையை ஒட்டியிருந்த முதலாளியின் கோழிப் பண்ணையில் பன்னிரண்டு கொட்டகை, செட் என்போம். காலைத் தீவனத்தோடு தொட்டி காலி. பகல் பன்னிரண்டுக்குள் கலவை ஓடினால்தான் மூன்று மணித் தீவனம் எல்லா செட்டுக்கும் போய்ச் சேரும். ஒரு வேளை தப்பினாலும் கோழி ஒரு வாரத்துக்கு முட்டையைக் குறைத்துவிடும்.

கலவைக் கணினியின் நெற்றியில் பத்து என்று ஸ்டிக்கர் இருந்தது. என் நோட்டில் பத்து இல்லை.

“பத்தாவது பின்னாடி வாங்கினதாங்க ஐயா? இல்ல, வேற எங்கயாச்சும் எழுதி வச்சீங்களா?”

எனக்கு உண்மையிலேயே நினைவு வரவில்லை. “பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

“சரி, மத்ததத் திறப்போம். எதுலயாச்சும் இதோட சாவி கிடைக்குதான்னு பாக்கலாம்.”

ஒன்றாம் கணினியிலிருந்து ஆரம்பித்தோம். நான் ஆறு ஆறாகப் படித்தேன், அவள் அடித்தாள். அவள் விசைகளைப் பார்க்கவில்லை. நான் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அடுத்த கட்டைப் படிப்பதற்குள் அவள் விரல்கள் முடித்துவிட்டுக் காத்திருந்தன. உள்ளே போய் அந்த ஒரு ஃபைலை அழித்ததும் கணினி ஒழுங்காக எழுந்தது. முதலாளி ஒவ்வொன்றுக்கும், “அட என்ற சாமி!” என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். எண்களைப் படித்துச் சொன்னவன் நான். ஏழு கணினிகள், முந்நூற்று முப்பத்தாறு இலக்கங்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. பத்தாவதின் சாவி எதிலும் கிடைக்கவில்லை.

அடுத்தது ஸ்டிக்கரில் ஒன்பது. ஒன்பதாவது சாவியைப் படித்தேன். திறக்கவில்லை. மறுபடி படித்தேன். திறக்கவில்லை.

“சார் எழுதினதுல ஏதாச்சும் தப்பிருச்சுங்களா?” என்றார் முதலாளி.

“ஐயா எழுதினா தப்பு இருக்காதுங்க” என்றாள் அவள். எனக்காக அவள் பேசியது, என் மேல் குற்றம் சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடிய எரிச்சலைவிட இரண்டு மடங்கு எரிந்தது.

அப்போதுதான் அந்த ஸ்டிக்கரை நன்றாகப் பார்த்தேன். மணி பத்து ஐம்பத்திரண்டு.

எங்கள் முதலாளிக்கு எட்டு ஆகாது. லாரி எண்ணைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது. பன்னிரண்டு செட்டில் கடைசி செட்டுக்குப் பதிமூன்று என்று எண், ஏனென்றால் ஏழுக்கு அடுத்தது ஒன்பது. கணினிகள் வந்த அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு அவற்றுக்கும் சந்தனம் வைத்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதிலும் எட்டைத் தாண்டினார்கள். நான் நோட்டில் எழுதியது அதற்கு முன்பு, எட்டை விடாமல். ஆகவே ஸ்டிக்கர் ஒன்பதுக்கு என் எட்டாவது சாவி. ஸ்டிக்கர் பத்துக்கு என் ஒன்பதாவது. அவ்வளவுதான். நோட்டைத் திருத்தி வைக்காதது என் தவறு.

நோட்டு ஸ்டிக்கருக்கு முந்தியது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. என் எட்டாவது சாவி ஏதோ விற்றுப் போன பழைய கணினியுடையது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

“நல்லா யோசிங்க ஐயா. பத்தாவது பின்னாடி வாங்கினதா?”

ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது: “இருக்கலாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். கோழி பட்டினி கிடக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. முதலாளி முன்னால் ஒரே ஒரு தடவை அவள், “எனக்குத் தெரியலைங்க” என்று சொல்ல வேண்டும். அது என் காதில் விழ வேண்டும். அது போதும் என்று இருந்தது.

சொன்னாள். பதினொன்று இருபதுக்குச் சொன்னாள். ஆனால் முதலாளி முகம் சுளிக்கவில்லை. “உனக்கே தெரியலைன்னா வேற யாருக்கு அம்மிணி தெரியும்? உடு” என்றார். நான் பக்கத்தில், மூன்றடியில் நின்றுகொண்டிருந்தேன்.

சேலத்தில் அவள் முன்பு வேலை பார்த்த கடைக்குப் போன் போட்டார்கள். சாவி இல்லையென்றால் கணினியைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று அங்கிருந்து சொன்னார்கள். அதிலிருந்த பதினான்கு தீவனக் கலவை முறைகளும் போய்விடும். அவள் எடுத்து வைத்த நகல் போன மாதத்தது. கோழி டாக்டர் மருந்தளவை மாற்றியது போன வாரம்.

“கையில அள்ளிப் போட்டா மருந்து அளவு தப்பிருங்களே” என்றார் முதலாளி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, தொடச்சு உடு சாமி. பழைய அளவையே போட்டு ஓட்டிக்கலாம்.”

அவள் கலவைக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். விசை மேல் வைத்த விரலை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள்.

“நிறுத்தும்மா” என்றேன். பதினொன்று நாற்பத்தெட்டு. நோட்டைப் பிரித்து வேறொன்றும் சொல்லாமல் ஒன்பதாவது சாவியைப் படித்தேன். அவள் அடித்தாள். திறந்தது.

“சார்! சார்னா சார்தானுங்க!” என்று முதலாளி என் தோளைத் தட்டினார். ஆலை ஆட்கள் ஐந்து பேர் பார்த்தார்கள். “அம்மிணிக்கே தண்ணி காட்டினத சார் ஒரு நொடியில எடுத்துப் போட்டாரு பாருங்க.”

அவள் சிரிக்கவில்லை. கலவை எந்திரத்தை ஓட விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். நோட்டை வாங்கிக்கொண்டு நேராக ஸ்டிக்கர் ஒன்பதுக்குப் போய் எட்டாவது சாவியை அடித்தாள். நான் சொல்லவில்லை. அது திறந்தது.

“எப்பங்க ஐயா ஞாபகம் வந்துச்சு?” திரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

“அப்போதுதான்.”

“சரிங்க ஐயா.”

கலவை ஓட ஆரம்பித்தபோது பன்னிரண்டு இருபது. ஒன்பது செட்டுக்குத் தீவனம் நேரத்தில் போயிற்று. கடைசி மூன்றுக்கு நாலரை மணிக்கு மேல்தான் போயிற்று. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் வரிசைக் கூண்டுகளில் பசித்த கோழிகள் தகரத் தொட்டியைக் கொத்துகிற சத்தம் அலுவலகம் வரைக்கும் கேட்டது. பத்து ஐம்பத்திரண்டுக்கே நான் வாயைத் திறந்திருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது. இந்தக் கழித்தலைப் போட எனக்குத் தாள் வேண்டியதில்லை.

ஐந்து மணிக்கு அவள் முதலாளி அறைக்குள் போனாள். என் காரியத்தைச் சொல்லிவிடுவாள் என்று கதவருகில் நின்றேன். அவள் சொன்னது வேறு.

“சாவியெல்லாம் ஒரே ஆள்கிட்ட இருந்தா, ஐயாவுக்கு உடம்புக்கு முடியாத நாள் நாம என்ன பண்றதுங்க? நோட்ட நான் வச்சுக்கிறேன். ஒரு நகல் உங்க பீரோவுல இருக்கட்டும்.”

“நெசந்தானுங்க சார். குடுத்துருங்க. உங்குளுக்கும் பாரம் குறையுமில்ல?” என்றார் முதலாளி. பிரியமாகத்தான் சொன்னார்.

கொடுத்தேன். ஆனால் முப்பத்தொரு ஆண்டு அரசாங்க வழக்கம்; ஒரு தாளை எடுத்து, மீட்புச் சாவி நோட்டு ஒன்று பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்து கேட்டேன். அவள் மறுக்கவில்லை. நின்றபடியே தேதி, நேரம் போட்டுத் தமிழில் கையெழுத்திட்டாள். பிறகு என் எதிரிலேயே நோட்டைத் திறந்து, ஒவ்வொரு சாவிக்கும் பக்கத்தில் ஸ்டிக்கர் எண்ணைச் சிவப்பு மையில் எழுதினாள். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டாவதற்கு எதிரே ஒன்பது, ஒன்பதாவதற்கு எதிரே பத்து. நோட்டை மூடிக் கைப்பையில் வைத்தாள்.

“போயிட்டு வரேங்க ஐயா. சேலம் பஸ் வந்துரும்.”

தலையை ஆட்டினேன். அவள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது.