அனுமதிக்கு முன் நட்ட கன்றுகள்

எங்கள் அக்காவின் கணவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அவ்வளவு பயந்த சுபாவம். பயணிகள் வைத்த பெயர் ‘பிரேக்’. எனக்கு மாமா; அவர் இல்லாதபோது சில சமயம் நானும் ‘பிரேக்’ என்பேன்.

ஓய்வுபெற்ற கையோடு ஒரு மேட்டுச் சரிவின் அடியில் வீடு வாங்கினார். முதல் மழைக்கே மண் இறங்கிப் பின்கதவை அடைத்துவிட்டது. மரம் வைத்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். முந்நூறு கன்றுக்குப் பாதிச் செலவு அரசாங்க மானியம். ஆனால், அதிகாரி வந்து வெறும் நிலத்தைப் பார்த்து அனுமதி தந்த பிறகுதான் நட வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்து நாலு மாதமாயிற்று. அதிகாரி வரவில்லை, அடுத்த மழை வந்துவிட்டது.

“காகிதம் வர்றதுக்குள்ள மேடே வீட்டுக்குள்ள வந்துடும். நட்டுடுங்க,” என்றாள் அக்கா.

புல்லைச் செதுக்கி எறிந்துவிட்டு நட்டோம். குழி தோண்டி எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக்கதை. மூன்றே வாரத்தில் கன்றுகள் துளிர்த்தன. அப்போதுதான் போன் வந்தது. நாளை மறுநாள் ஆய்வு.

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “பென்ஷனை நிறுத்திட்டா என்னடா பண்றது?”

“மரம் நட்டதுக்கா மாமா?”

“அனுமதி வராம நடமாட்டேன்னு ஃபாரத்துல கையெழுத்து போட்டிருக்கேன்டா.”

மறுநாள் காலையில் போனால், மனிதர் ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. நானும் குனிந்து பிடுங்கிக் குழிகளை மண் தள்ளி மூடினேன்.

அடுத்த நாள் வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். இரண்டடி ஏறியதுமே ஷூ மண்ணில் புதைந்தது.

“மண்ணு இவ்வளவு இளகியிருக்கே, ஏதாவது தோண்டினீங்களா?”

“களை எடுத்தோம்மா,” என்றார் மாமா.

அவள் ஷூ மண்ணைத் தட்டிவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு போட்டோ எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். “நிலம் காலியாத்தான் இருக்கு. ஆர்டர் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒரு கன்னுகூட வைக்காதீங்க.”

“சரிம்மா.”

அவள் ஜீப் திரும்புவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. சரிவில் வேர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. முந்நூறு குழியிலும் இளகிய மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா பின்னறைக் கட்டிலை முன்னறைக்கு இழுத்தாள். மாமா மறுமுனையைப் பிடித்தார்.

“முன்னறை போதுமாடா?” என்று என்னிடம் கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருந்தது.