முகூர்த்த நாளுக்கு முன்னால் கட்டிய டியூப் லைட்

திண்டிவனத்தில் என் அண்ணன் வீட்டு வாசலில், பட்டப்பகலில், இரண்டு சவுக்குக் கம்பு நட்டு டியூப் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாதத்து வெயில். எரிகிறதா என்று பார்க்க சவுண்டு சர்வீஸ்காரர் சுவிட்சைப் போட்டார். அந்த வெயிலில் டியூப் லைட் எரிந்து என்ன தெரியும்? குழாய்க்குள் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் கல்யாண வீடென்றால் சீரியல் லைட் தொங்கும், வாழை மரம் நிற்கும், ரேடியோ பாடும். அது எதுவும் இல்லாமல் கம்பு நட்டு வெறும் டியூப் லைட் மட்டும் கட்டினால், உள்ளே சாவு விழுந்துவிட்டது என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய எனக்கும் அதுதான் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். என் அண்ணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்டி ஓடியார? வெயில் தாங்கலியா?" என்றாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். லைட் கட்டச் சொன்னவர் எங்கள் சித்தப்பா. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சித்தப்பா இது என்று கேட்டதற்குக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "நாளைக்கும் நாளன்னிக்கும் பெரிய முகூர்த்தம்மா. எல்லா சவுண்டு சர்வீஸ்காரனும் மண்டபத்துக்குப் போய்டுவான். அந்நேரம் பாத்து ஆச்சின்னா, இருட்டுல வெச்சிக்கினு பேஜாரு. இப்பவே கட்டிட்டா ஒரு வேலை முடிஞ்சிது." அவர் கெட்டவர் இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்த நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர், ஐஸ் பெட்டிக்காரர் முதல் பூக்காரர் வரை எல்லோர் போன் நம்பரும் அவரிடம் இருக்கும். அவர் கண்ணுக்கு இது உபகாரம். எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனால் அவர் கணக்கு தப்பில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு மாதம் முன்புதான் டாக்டர், அண்ணியின் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய் வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார். அண்ணி வெளியே வராந்தாவில் காத்திருந்தாள். வெளியே வந்த அண்ணன் அவளிடம், "கட்டி கரைஞ்சிடிச்சாம், ரெஸ்ட் எடுத்தா போதுமாம்" என்றான். பிறகு எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினான். அவளுக்கும் தெரியக் கூடாது, அவர்கள் ஒரே மகளுக்கும் தெரியக் கூடாது. மகள், எங்களுக்கெல்லாம் பாப்பா, சென்னையில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "படிப்பு கெட்டுடும், முடிச்சிட்டு வரட்டும்" என்றான் அண்ணன். முடிக்கிற வரைக்கும் அண்ணி இருக்க வேண்டுமே. அம்மாவுக்கும் பெண்ணுக்கும் மிச்சமிருந்த நாட்களை நாங்களெல்லாம் சேர்ந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அடுத்தவர்கள் சுவர். வாசலுக்கு எதிரே ஒரு மாடி வீடு. அண்ணி அனந்தபுரம் பக்கத்தில் சொந்த நிலமுள்ள குடும்பத்துப் பெண். மறைப்பே இல்லாத வெளியில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த வாரம் உட்கார்ந்து அழுதாள். அம்மா நினைப்பா என்று கேட்டால், "இந்த வூட்ல எப்ப பாத்தாலும் சாயங்காலமாவே இருக்குதே" என்றாள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று சிரித்தேன். பிறகு அவளே அந்த வீட்டின் வெளிச்சத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். கூடத்துக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. பத்து மணிக்கு மேல் அதன் வழியாக ஒரு முறத்தளவு வெயில் தரையில் விழும். சரியாக அதற்குள் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். வெயில் நகர்ந்தால் இவளும் நகர்வாள். அண்ணி எங்கே என்று யாராவது கேட்டால், "வெயிலை மேய்க்கப் போயிருக்காங்க" என்போம். அவளும் சிரிப்பாள்.

அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருந்தது: வெளிச்சம் சரியில்லை. கூடத்தில் ஒரு டியூப் லைட், சமையல் கட்டில் ஒரு குண்டு பல்பு. அண்ணன் வேலையில் யாரிடமோ ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் நின்று கத்துவான். இவள் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டாள். போய் டியூப் லைட்டை நிறுத்திவிட்டு, "இந்த லைட்டுல எல்லாரும் சண்டைக்கு வந்தவங்க மாதிரியே தெரியறீங்க. இங்க வந்து உக்காந்து பேசுங்க" என்று சமையல் கட்டுக்குக் கூப்பிடுவாள். மஞ்சள் பல்பின் கீழே தட்டு வைத்தால் இரண்டு வாய் சோற்றுக்குள் அண்ணனின் குரல் இறங்கிவிடும். பசி அடங்கியதால் இறங்கியதா, வெளிச்சத்தால் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெளிச்சத்தை நான் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தது அவளால்தான். பிறகு நான் விழுப்புரத்தில் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனேன். கடை லைட்டில் பிடித்துப்போன புடவையைப் பெண்கள் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பார்கள். பாதிப் புடவை அங்கேயே வேண்டாமென்று ஆகிவிடும். புடவையோடு அவர்கள் முகமும் மாறுவதை அந்த வாசலில் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். சந்தோஷமாக உள்ளே எடுத்த பொருள் வெளியே வந்ததும் துக்கமாகிவிடும்.

லைட் கட்டிய அன்று பொழுது சாய்ந்தது. அண்ணி கட்டில் முன் அறையில், தெருப் பக்கத்து ஜன்னலை ஒட்டி இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அறை மெல்ல மங்கும். விளக்குப் போடலாம் என்று அவளே சொல்கிறவரை யாரும் போட மாட்டோம். வெளியே சித்தப்பா சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். ஜன்னல் வழியாக வெள்ளை வெளிச்சம் எதிர்ச் சுவரில் வந்து விழுந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள் போர்வை மேல் கோடு கோடாகக் கிடந்தது. என் கை நின்றுவிட்டது.

"யார் வூட்ல?" என்று கேட்டாள்.

எதிர் வீட்டுக் கிழவர் என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்போதுதான் வாசலில் இருமிக்கொண்டிருந்தார்.

"நம்ம வூட்லதானா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் போடுவாள், அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்பாள், மகளை வரவழைத்து மடியில் போட்டுக்கொண்டு அழுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவள், "பாப்பா நாளைக்கு வருது இல்ல?" என்றாள். பரீட்சைக்கு நடுவில் லீவு, சனிக்கிழமை வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப அந்த லைட்ட நிறுத்தச் சொல்லு. அது பாத்துடப் போவுது. பரீட்சை எழுதற புள்ள."

"அண்ணி, நான் அவகிட்ட சொல்லிடறேன் அண்ணி. உங்க கூடவே இருக்கட்டும்."

"சொல்லாத. எனக்குத் தெரியும்னு உங்க அண்ணனுக்கும் சொல்லாத. அவரு தாங்க மாட்டாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "போ, ஜல்தியா போய் நிறுத்து" என்றாள்.

போனேன். சித்தப்பா, வருகிறவர்கள் தடுக்கி விழுவார்களே என்றார். விழட்டும் என்று சொல்லி கூடத்தில் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். கம்பையும் பிடுங்கச் சொன்னேன். கட்டியவன் மண்டபத்துக்குப் போய்விட்டான், முகூர்த்தம் முடிந்துதான் வருவான் என்றார். அதில் அவரை அசைக்க முடியவில்லை. தெரு மறுபடி இருட்டானது. உள்ளே வந்து சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிறுத்திவிட்டேன் என்றேன். சரி என்றாள். அவ்வளவுதான் எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு.

சனிக்கிழமை மதியம் பாப்பா தோளில் பையோடு வந்தாள். நான் தெருவிலேயே நின்றிருந்தேன். அவள் கம்பத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "தெருக் கோயில்ல விசேஷம், அதுக்குக் கட்டியிருக்காங்க" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன். "சரி அத்தே" என்று உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் அண்ணி கேட்டு, சமையல் கட்டுக் குண்டு பல்பைக் கழற்றி முன் அறையில் மாட்டினோம். டியூப் லைட் கண்ணைக் குத்துகிறது என்று மகளிடம் சொன்னாள். எனக்குத்தான் விஷயம் தெரியும். அவள் கண்ணும் கை நகமும் மஞ்சளாகிக்கொண்டு வந்த நாட்கள் அவை. மஞ்சள் பல்பின் கீழே அது தெரியாது. அந்த வெளிச்சத்தில் அவள் உடம்பு தேறிவருகிறவள் மாதிரி இருந்தாள். தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து, மகளைக் கட்டிலுக்குக் கீழே உட்கார வைத்து எண்ணெய் தடவினாள். பாப்பா ஹாஸ்டல் வார்டன் நடப்பதைப் போல நடந்து காட்டினாள், திட்டுவதைப் போலத் திட்டிக் காட்டினாள். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலியால் பிடிக்கிறாளா சிரிப்பால் பிடிக்கிறாளா என்று தெரியாமல் நான் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணன்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். யாராவது தெருவிலிருந்து பார்த்திருந்தால், இந்த வீட்டில் இன்று ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் பாப்பா கிளம்பும்போது அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிவரை வந்தாள். "நல்லா எழுது" என்றாள். பாப்பா, "நீ நல்லா சாப்புடு" என்றாள். அவள் தெரு முனை திரும்பும்வரை நின்றுவிட்டு, என் தோளைப் பிடித்து உள்ளே வந்து படுத்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். சித்தப்பா பிளக்கைச் செருகினார். பாப்பா சென்னையிலிருந்து வந்து அந்த லைட்டின் கீழே இறங்கியபோது, கம்பத்தைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போனாள். இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வீட்டில் இப்போது எல்லா அறையிலும் வெள்ளை எல்இடி பல்புதான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இருக்கும் ஒவ்வொரு பருக்கையும் தெரிகிறது. அண்ணன் அதன் கீழே தனியாக உட்கார்ந்து, யாரிடமும் கத்தாமல், டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறான்.

பாப்பா விழுப்புரத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தாள். இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் ஏதோ சாவு. வரும் வழியில் டியூப் லைட் கட்டியிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். அப்படியே பேச்சு வந்தது.

"அன்னிக்கு நம்ம வூட்டு வாசல்ல கம்பு நட்டிருந்தத தெருமுனையிலயே பாத்துட்டேன் அத்தே. நீங்க கோயில்ல விசேஷம்னதும் முழுசா தெரிஞ்சிபோச்சி. எந்தக் கோயில்ல வெறும் டியூப் லைட்டு கட்டுறாங்க? ஆனா அம்மாவுக்குத் தெரியாதே. நான் அழுதா தெரிஞ்சிடும், பரீட்சைக்குப் போவாம நின்னாலும் தெரிஞ்சிடும். அதான் வார்டன் மாதிரி நடந்து காட்டிக்கினு, சிரிச்சிக்கினு இருந்துட்டு போய்ட்டேன்." அவள் உரித்த தோலைக் கையால் ஒதுக்கிக் குவித்தாள். "கடைசி வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாமலே போச்சி. எனக்கு அந்த ஒரு நிம்மதிதான் அத்தே."

ஆமாம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த மல்லாட்டையை எடுத்திருக்கலாம். எனக்கு வரவில்லை. அந்த வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொன்ன பொய் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. "அவங்களுக்குத் தெரியும்" என்றேன். "வெள்ளிக்கிழமையே தெரியும். நீ பாத்துடப் போறேன்னு லைட்ட நிறுத்தச் சொன்னதே உங்கம்மாதான். குண்டு பல்பு மாட்டச் சொன்னதும் அதுக்குத்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த மல்லாட்டையை உரிக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அழுவாள் என்று நினைத்து நான் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. ஒரு சாதாரண சந்தேகத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் அவ்ளோ நேரம் சிரிச்சமே, அது யாருக்கு அத்தே?"